பாறைக்குத் திரும்பாத ஆர்சனிக்

கனடாவின் யெல்லோநைஃப் நகரருகே, ஜயண்ட் தங்கச் சுரங்கத்தின் நிலத்தடி அறைகளில் அடைபட்டுள்ள 2,37,000 டன் ஆர்சனிக் தூள் பாறையிலிருந்து வந்து பாறைக்கே திரும்பியதுதானே என்று வாதிடுவோர், தனிமத்தின் அளவைக் கணக்கில் கொண்டு அதன் வேதிவடிவத்தைக் கோட்டை விடுகிறார்கள். தாதுவில் அது இரும்போடும் கந்தகத்தோடும் பிணைந்த ஆர்சனோபைரைட்டாக, காற்றும் ஈரமும் சேர்ந்து தாக்காதவரை ஏறத்தாழக் கரையாமல் கிடந்தது. தங்கத்தைப் பிரிக்கத் தாதுவை வறுத்தபோதோ ஆவியாகி, புகை குளிர்ந்ததும் ஆர்சனிக் மூவாக்சைடு என்னும் நுண்தூளாயிற்று. இது அறை வெப்பநிலையில் லிட்டர் நீருக்குச் சுமார் 20 கிராம் கரையும்; குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்போ லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். இரும்பு ஆக்சைடின் மேற்பரப்பில் ஒட்டவைத்தால் தீர்ந்தது என்பதும் அரைகுறைப் பேச்சே: ஆக்சிஜனற்ற சேற்றில் அந்த இரும்பே கரைந்து, பிடித்துவைத்த நஞ்சை விட்டுவிடும். ஆர்சனிக் உண்மையிலேயே பாறைக்குத் திரும்பியிருந்தால், அவ்வறைகளைச் சூழ்ந்த பாறையை வெப்பம் உறிஞ்சும் குழாய்களால் உறையவைத்துக் காக்கும் திட்டத்துக்கு என்ன வேலை?