ஆயுசுக்கும் ஒரே ஊசி

போன மாதம் ஒரு விசேஷத்துக்காக ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். என் மனைவியின் அக்கா பேத்திக்கு வரன் பார்க்கிறார்கள். "பொண்ணுக்குக் கன்னம் ஒட்டிக் கிடக்கு" என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்களாம். ஒரு அழகு நிலையத்தில், "சிலிக்கான் ஊசி ஒண்ணு போட்டா ஆயுசுக்கும் போதும்" என்றார்களாம். முன்பணமும் கொடுத்தாயிற்று!

"போடாதே அம்மா" என்றேன்.

"கண்ணுக்குள்ளேயே சிலிக்கான் எண்ணெய் வைக்கிறாங்களே தாத்தா, கன்னத்துல வச்சா என்ன?" என்றாள். சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

விழித்திரை பிரிந்தவர்களுக்குக் கண்ணில் வைப்பது உண்மைதான். அது சுத்திகரித்த சரக்கு. நான்கு பக்கமும் மூடிய இடத்தில் வைக்கிறார்கள். பெரும்பாலும் சில மாதத்தில் எடுத்தும் விடுகிறார்கள். கன்னத்துச் சதையில் ஏற்றியதை யார் எடுப்பது? துளித் துளியாகச் சிதறிச் சதையோடு கலந்துவிடும். முழுவதும் எடுக்க எந்தக் கத்தியாலும் ஆகாது, கரைக்க மருந்தும் கிடையாது. உடம்பு ஒவ்வொரு துளியையும் சுற்றிக் கட்டி கட்டும். போட்ட இடத்தை விட்டு நகரும். பத்து வருடம் கழித்துக்கூடத் தோல் வெடித்துப் புண்ணாகும். ரத்தக்குழாயில் ஏறினால் நேரே நுரையீரல். மூச்சடைத்துச் செத்தவர்கள் உண்டு. வெளிநாடுகளில் பிடிபட்ட பல ஊசிகளில் இருந்தது ஆலைகளில் புழங்கும் மட்டச் சரக்கு.

'ஆயுசுக்கும்' என்று அவர்கள் பெருமையாகச் சொல்கிறார்களே, ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அழகு அழகு என்று உயிரை விடும் அந்தப் பிரான்சிலேயே, அழகுக்காகச் சிலிக்கான் ஊசி போடுவதை 2000-லேயே தடை செய்துவிட்டார்கள். உடம்பின் வடிவை மாற்ற இதைப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று அமெரிக்க மருந்துத் துறை 2017-ல் எச்சரித்தது.

இங்கே? 2016-ல் சென்னையில் ஒரு அழகு நிலையத்தில் முடி நட்டுக்கொண்ட மருத்துவ மாணவரே இறந்துபோனார். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-ல் வந்தது. அதற்கு விதிகள் வந்தது 2018-ல். 21 வருடம்! கோப்பு எப்படித் தூங்கும் என்று குமாஸ்தாவாக இருந்த எனக்குத் தெரியாதா? அழகு நிலையத்தின் உள்ளறையில் ஊசி எடுக்கும் கையை இன்றைக்கும் யார் போய்ப் பார்க்கிறார்கள்?

அரசாங்கத்தை மட்டும் திட்டி என்ன பயன்? பெண் பார்க்கப் போய், பஜ்ஜியைத் தின்றுகொண்டே கன்னத்தையும் மூக்கையும் எடை போட்டவர்கள் நாம்தானே. திருநங்கைகளைப் பார்த்தால் முகம் சுளிப்பதும் நாம்தான். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஏளனம் செய்தால், அவர்கள் உடம்பை மாற்றிக்கொள்ளத் திருட்டு ஊசியைத்தானே தேடிப் போவார்கள்? உலகமெங்கும் இந்த ஊசிக்கு அதிகம் பலியானவர்களில் அவர்களும் உண்டு.

நம்ம ஊர் ஆண்டாள் கண்ணாடிக் கிணற்றில்தான் முகம் பார்த்தாள். கிணறு அவளுக்குக் குறை எதுவும் சொல்லவில்லை.

பேத்தி ஊசி போட்டுக்கொள்ளவில்லை. முன்பணம் திரும்பி வரவில்லை. அந்த வரனும் தட்டிப் போயிற்று. போகட்டும், கன்னத்துக்காக வருகிறவன் எத்தனை நாளைக்கு இருப்பான்? உங்கள் வீட்டிலும் பேத்திகள் இருப்பார்கள். இன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.