நம் தோட்டத்துச் சூலம்

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவனாக இருந்தபோது இதே ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதினேன். 'கடாரம் கொண்ட தமிழன்' என்பது தலைப்பு. 1025ஆம் ஆண்டில் இராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்ததையும் பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில்கள் இருப்பதையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு, 'கெடா மண்ணில் கிடைக்கும் சின்னங்கள் யாவும் நம்முடையவை' என்று முடித்திருந்தேன். நண்பர்கள் பாராட்டினார்கள். அந்த விடுமுறையில் பீடோங் அருகே இருந்த எங்கள் தோட்டத்திற்குப் போய்த் தாத்தாவிடம் அதை வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டு முடித்தவர், "எல்லாம் சரிதான்யா, நம்ம முனியாண்டி கோயில் சூலத்தை யார் அடிச்சதுன்னு எழுதலையே?" என்றார். நான் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. தாத்தா இல்லை, தோட்டமும் இல்லை. அன்று அவர் சொல்ல வந்ததைக் கேட்காமல் போனேனே என்ற வருத்தம் மட்டும் இருக்கிறது. அதனால்தான் மீண்டும் இம்மலருக்கு எழுதுகிறேன்.

பழஞ்சின்னங்களைப் பற்றி நம் மாணவர்கள் பேசத் தொடங்கினால் பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் போய் நிற்கிறது: யார் முதலில்? சுவஸ்திகா யாருடையது? அறுகோணம் முருகனுடையதா, யூதர்களுடையதா? சூலம் சிவனுடையதா, கிரேக்கனுடையதா? விடையையும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

சூலத்தையே எடுத்துக்கொள்வோம். கிரேக்கர்களின் கடல் தெய்வமான போசைடன் கையில் மூன்று கூர் கொண்ட ஈட்டி உண்டு. தென் இத்தாலியில் இருந்த போசைடோனியா என்னும் கிரேக்க நகரம் அத்தெய்வத்தின் உருவத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே நாணயத்தில் அச்சிட்டது. வட இந்தியாவை ஆண்ட குஷாண மன்னன் வீம கட்பீசஸின் நாணயங்களில் காளையருகே சூலம் ஏந்தி நிற்கும் சிவ உருவம் காணப்படுகிறது. சாஞ்சியின் தோரண வாயில்களிலோ பார்வைக்குச் சூலம் போன்ற மற்றொரு வடிவம் இருக்கிறது. பௌத்தர்களுக்கு அது புத்தர், தம்மம், சங்கம் என்னும் மும்மணி. இத்தனை தூரம் போவானேன்? மலாய் மீனவர்களிடம் மீன் குத்தும் பல கூர் ஈட்டி ஒன்று உண்டு. 'செராம்பாங்' என்பார்கள். வழுக்கி ஓடும் மீனைக் குத்த ஒரு கூரைவிட மூன்று கூர் மேல் என்பதை எந்த ஆற்றங்கரை மனிதனும் தானாகவே கண்டுபிடித்திருப்பான். இதற்கு ஒருவர் மற்றவரிடம் கடன் வாங்க வேண்டிய தேவையே இல்லை.

அறுகோணமும் அப்படியே. அது யூதர்களின் பொது அடையாளமாக நிலைபெற்றது பிற்காலத்தில்தான். இஸ்லாமிய உலகில் அதே வடிவம் சுலைமான் முத்திரை எனப் பெயர் பெற்றது. நம் பாட்டிமார் வெள்ளிக்கிழமை மாக்கோலத்தில் இரண்டு முக்கோணங்களைப் பின்னிப் போட்டபோது இவர்களில் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

வடிவம் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது என்பதைத் தமிழகத்து ஆய்வாளர்களே இப்போது எதிர்கொண்டிருக்கிறார்கள். பானை ஓடுகளில் காணப்படும் கீறல் குறியீடுகளைச் சிந்துவெளிக் குறியீடுகளோடு ஒப்பிட்டுத் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்ட நூல், பல குறிகள் ஒத்திருப்பதைக் காட்டுகிறது. 2025 ஜனவரியில் சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று தமிழக அரசு அறிவித்தது. ஒத்திருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் குறிகள் என்ன சொல்கின்றன என்பதற்கு அனைவரும் ஏற்கும் விடை இன்னும் வரவில்லை. கீறியவனும் போய், அவனைக் கேட்டவனும் போய், ஓடு மட்டும் மிஞ்சினால் அதுதான் நிலைமை.

இனி நம் கெடாவுக்கு வருவோம். என் பழைய கட்டுரையைத் தகர்த்தது ஒரு கல். 1834இல் கேப்டன் ஜேம்ஸ் லோ என்பவர் இன்றைய செபராங் பிறையின் வடபகுதியில் ஒரு கற்பலகையைக் கண்டெடுத்தார். 1800இல் வெள்ளையர் கைக்குப் போகும்வரை அது கெடா சுல்தானின் நிலம். கல்லின் நடுவில் ஒரு தூபி, அதன் உச்சியில் அடுக்கடுக்காக ஏழு குடைகள். சுற்றிலும் சமஸ்கிருத வரிகள். பொறித்துத் தந்தவன் புத்தகுப்தன் என்னும் கப்பல் தலைவன். தன் ஊர் இரக்தமிருத்திகை, அதாவது செம்மண்ணூர் என்கிறான். வங்காளத்து முர்ஷிதாபாத் பகுதியில் அவ்வூரின் இடிபாடுகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். எழுத்தோ தென்னிந்தியச் சாயல் கொண்டது, காலம் கி.பி. 5ஆம் நூற்றாண்டு. அதாவது இராஜேந்திரனுக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் முந்தியது.

வங்காளத்துப் பௌத்த மாலுமி, தென்னாட்டு எழுத்து, சமஸ்கிருத மொழி, கெடாக் கரை. இந்தச் சின்னம் யாருடையது? கல் இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால் கேள்வி இன்னும் சிக்கலாகும். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது அந்தக் கல் சொல்லும் செய்தி. போகிற பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்கிறது அது. கப்பலேறி நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்திறங்கிய நம் முன்னோரும் அதையேதான் வேண்டியிருப்பார்கள்.

அந்தக் குடையைப் பாருங்கள். வெயிலுக்குப் பிடித்த குடை வேந்தனின் வெண்கொற்றக்குடை ஆயிற்று. பிறகு புத்தருக்கும் அதுவே மரியாதையாயிற்று. மலாய் அரசர்களுக்கு மஞ்சள் குடை, சயாம் அரசருக்கு ஒன்பது அடுக்குக் குடை. எங்கள் தோட்டத்தில் ஆண்டுத் திருவிழா வந்தால் மாரியம்மன் இரதத்தின் முன்னே குடை பிடிப்பது யார் என்பதில் மேல் லயத்துக்காரருக்கும் கீழ் லயத்துக்காரருக்கும் சண்டை வரும். ஒருமுறை தண்டல் வந்துதான் விலக்கிவிட்டார். அரசனும் இல்லை, நாடும் இல்லை. மறுநாள் விடியுமுன் பால்மரம் வெட்டப் போக வேண்டியவர்கள். இருந்தாலும் அந்தக் குடைக்கம்பைப் பிடித்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சோழர் படையெடுப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இராஜேந்திரன் ஸ்ரீவிஜயத்தின் நகர வாயிலில் இருந்த வித்தியாதரத் தோரணத்தைக் கைப்பற்றியதை அவனுடைய மெய்க்கீர்த்தி பெருமையோடு சொல்கிறது. பிறர் சின்னத்தைப் பறித்து வந்த கதை அது. கோயில் கட்டப் போன கதை அல்ல. அதற்கு முன்பே கிடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எழுப்பியதையும், இராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாகத் தந்ததையும் லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. அங்கிருந்து மட்டும் இங்கு வரவில்லை. இங்கிருந்தும் அங்கு போயிருக்கிறது. 'அப்படியானால் நம் உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்களா?' என்று இளையவர்கள் கேட்கலாம். இல்லை. நமக்கும் அதில் பங்கு உண்டு என்பது ஒன்று, எல்லாம் நமக்கே என்பது வேறொன்று. முதலாவதற்குச் சான்று ஏராளம். இரண்டாவதைச் சொல்லப் போய் முதலாவதையும் பிறர் நம்பாமல் செய்துவிடுகிறோம்.

மெர்போக்கில் உள்ள புக்கிட் பத்து பஹாட் கோயிலைப் பலர் சுற்றுலாவாகப் போய்ப் பார்த்திருப்பீர்கள். 1959-60இல் அலஸ்டேர் லேம்ப் அதை அகழ்ந்து மீட்டமைத்தார். கூரை மரத்தால் ஆனது போலும். தூண்களைத் தாங்கிய கற்கள்தாம் மிஞ்சியுள்ளன. அங்கே மண்ணுக்குள் கல்பேழைகள் கிடைத்தன. உள்ளே சிறு பொன், வெள்ளி உருவங்களும் மணிக்கற்களும் இருந்தன. யார் கண்ணிலும் படக்கூடாது என்றே புதைத்த சின்னங்கள் அவை. நம்மவர் வீடு கட்டி வாசல் நிலை வைக்கும்போது நவதானியமும் பொன் துணுக்கும் போடுவார்களே, அதன் நினைவு எனக்கு வந்தது. (தாமான் வீடுகளில் நிலையெல்லாம் வைத்து முடித்த பிறகே சாவியைத் தருகிறார்கள். அதனால்தானோ என்னவோ நாம் வாசலில் எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டுத் திருப்திப்பட்டுக்கொள்கிறோம்.)

2013ஆம் ஆண்டு இறுதியில் சுங்கை பத்துவில் 11ஆம் எண் கோயில் ஒரு வீடமைப்புத் திட்டத்திற்காக இடிக்கப்பட்ட செய்தி வந்தபோது நாடே கொதித்தது. கொதித்தது சரிதான். நானும் கொதித்தேன். அது பல நூற்றாண்டுப் பழமை வாய்ந்தது, நிபுணர்கள் அளந்து எண் கொடுத்தது. அண்மையில் 2023, 2024இல் யான் வட்டாரத்துப் புக்கிட் சோராஸில் சுதையாலான புத்தர் உருவங்கள் வெளிப்பட்டபோது செய்தித்தாள்கள் முதல் பக்கம் தந்தன. அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அதே ஆண்டுகளில் கெடாவில் எத்தனை தோட்டங்கள் கைமாறின? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் வந்தது. லயங்களோடு சேர்ந்து மரத்தடி முனியாண்டிகளும் காளிகளும் காணாமல் போனார்கள். அவற்றுக்கு யாரும் எண் கொடுத்ததில்லை. சீனர்கள் சிவப்புச் சாயம் பூசிய சிறு மாடத்தில் டத்தோ கோங்கை வைத்து, உள்ளே மலாய்க்காரர் அணியும் சொங்கோக்கும் வைத்துக் கும்பிடுகிறார்கள். எங்கள் தோட்டத்தில் அந்த மாடமும் முனியாண்டி மேடையும் ஒரே ஆலமரத்தடியில் இருந்தன. இரண்டுக்கும் ஒரே தீப்பெட்டி. மூன்று இனத்தாரின் சின்னங்கள் ஒரு மரத்தடியில் சேர்ந்த கதை எந்த நூலிலும் இல்லை. அந்த மரமும் இப்போது இல்லை.

எங்கள் முனியாண்டி நகருக்குள் இடம் மாறினார். புது மண்டபம் அழகாகவே இருக்கிறது. ஆனால் கடையில் வாங்கிய பளபளப்பான எவர்சில்வர் சூலம் வந்துவிட்டது. பழையது எங்கே என்று கேட்டேன். இடம் மாற்றும்போது பழைய இரும்போடு போயிருக்கும் என்றார்கள். அதன் பிறகுதான் தாத்தாவின் கேள்வியைத் தேடிப் போனேன்.

தோட்டத்தில் ஆயாக் கொட்டகையைப் பார்த்துக்கொண்ட ஒரு பாட்டி கூலிமில் இருக்கிறார். அவர் சொன்னார்: "புகைக்கூடத்துல உடைஞ்சி கெடந்த கம்பிய எடுத்து நம்ம பிட்டர் அடிச்சது தம்பி. மூணு லயத்துக்கு மூணு முனை. எந்த லயத்துக்குப் பூசை முறையோ அந்த முனையில பழம் குத்துவோம்." நான் அசந்துபோனேன். இச்சை, கிரியை, ஞானம் என்று மேடைகளில் சொல்லிப் பழகிய எனக்கு, ஒரு கூட்டம் தங்களுக்குள் சண்டை வராமலிருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு அந்த இரும்புக்குள் இருந்தது தெரியவில்லை. இலக்கணப்படி சூலத்துக்கு அப்படிப் பொருள் உண்டா என்று சிவாச்சாரியார் யாரையாவது கேட்டால் சிரிப்பார். ஆனால் அந்தத் தோட்டத்தில், அந்த மக்களுக்கு, அதுதான் பொருள்.

அவர் மகனோ அதை மறுத்தார். "இல்லண்ணே, அந்தக் கம்பி ஜப்பான்காரன் காலத்துத் தண்டவாளத்துல வந்ததுன்னு அப்பா சொல்வாரு" என்றார். எது உண்மை? சூலத்தை அடித்த பிட்டரின் மனைவி இப்போது சுங்கைப்பட்டாணியில் மகள் வீட்டில் இருக்கிறாராம். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, நினைவு தெளிவாக இருக்கிறது என்கிறார்கள். வரும் சீனப் புத்தாண்டு விடுமுறையில் அவரைப் பார்க்கப் போகிறேன். கழகத்தில் கெடா மாணவர்கள் யாரேனும் ஒலிப்பதிவுக்கும் படம் எடுக்கவும் உடன் வருவதானால் காரில் மூவருக்கு இடம் இருக்கிறது.