உரியும் ஸ்டிக்கரும் உரியக் கூடாத உறவும்



"ஸ்டிக்கர் உரிவதெல்லாம் ஒரு பிரச்சினையா, அதற்கொரு கட்டுரையா?" என்று சிலர் கேட்கக்கூடும். இரு சக்கர வாகன உதிரிபாகம் விற்பவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். உரிந்த ஸ்டிக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு கடை வாசலில் வந்து நிற்கும் வாடிக்கையாளரை அவர்கள் நன்கு அறிவார்கள். மற்ற சரக்கு விற்பவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு என்பதால் எழுதத் துணிந்தோம்.

கரடுமுரடான பாதையில் ஓட்டும் டர்ட் பைக் ரக வண்டிகள் ஒரு காலத்தில் நம் ஊரில் பந்தயக்காரர்களோடு சரி. 2011-ல் ஹீரோ இம்பல்ஸ், 2019-ல் எக்ஸ்பல்ஸ் என்று வந்த பிறகு சாதாரண இளைஞர்களும் அந்த ரக வண்டியில் ஏறினார்கள். மட்கார்டு, சைடு பேனல்களுக்கு வண்ண ஸ்டிக்கர் செட் கேட்டார்கள். நாங்களும் வாங்கி அடுக்கினோம்.

2021-ல் நீலகிரிப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு சில்லறை வியாபாரி, எங்களிடம் பல ஆண்டுகளாகச் சரக்கு எடுப்பவர், ஒரு கட்டு ஸ்டிக்கர் செட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். "ஏனுங்க முதலாளி, ஒட்டி ஒரு வாரம்கூட நிக்கலைங்க. ஓரமெல்லாம் தூக்கிக்குது" என்றார். "ஒட்டத் தெரியாமல் ஒட்டிவிட்டுச் சரக்கைக் குறை சொல்கிறீர்களா?" என்று நாங்கள் பேசிவிட்டோம். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போனவர், அதன்பின் ஓராண்டுக்கு மேல் எங்கள் கடைப் படி ஏறவில்லை.

பிறகு அதே கட்டில் மீந்திருந்த ஒரு செட்டை எங்கள் கடைப் பையன் ஒரு பழைய மட்கார்டில் ஒட்டிப் பார்த்தான். மூன்றாம் நாள் ஓரம் தூக்கியது. அப்போதுதான் நமக்கு உறைத்தது. விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறோம்.

டர்ட் பைக் மட்கார்டு பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். கீழே விழுந்தால் உடையாமல் வளைய வேண்டும் என்பதற்காக அதில் செய்கிறார்கள். ஆனால் எந்தப் பசையும் எளிதில் பிடிக்காத பிளாஸ்டிக் அது. சாதாரண வண்டிகளில் வரும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் நன்றாக ஒட்டும் ஸ்டிக்கர், இதில் வழுக்கும். பாகத்தைத் திருப்பிப் பார்த்தால் உட்புறம் 'பி.பி.' என்றோ 'ஏ.பி.எஸ்.' என்றோ ஆங்கில எழுத்து அச்சாகியிருக்கும். இதைப் பார்த்து விற்பவர் நம்மில் எத்தனை பேர்?

அடுத்த எதிரி பாலீஷ். வண்டி பளபளக்கத் தடவும் சிலிகான் பாலீஷ் மேல் எந்தப் பசையும் நிற்காது. மூன்றாவது குளிர். மலையில் விடியற்காலைக் குளிரில் ஒட்டினால் பசை இளகிப் பிளாஸ்டிக்கோடு சேராது. நான்காவது நம் குற்றம். தகரக் கூரை குடோனில் வெயில் காலம் முழுவதும் வெந்த ஸ்டிக்கரின் பசை, கடைக்குப் போகும் முன்பே பாதி உயிர் விட்டிருக்கும். எங்கள் கட்டு அப்படிக் கிடந்த பழைய சரக்குதான்.

உரிந்ததை மீண்டும் ஒட்ட முடியுமா? பசையில் மண் ஏறாமல் இருந்தால் முடியும். முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவிட வேண்டும். தூக்கிய ஓரத்தின் அடியிலுள்ள பிளாஸ்டிக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். பாலிபுரொப்பிலீனாக இருந்தால், ஒட்டும் பிடிப்புக்கென்று விற்கும் பிரைமரை ஓரத்தில் மெல்லியதாகத் தடவி உலரவிட வேண்டும். ஹேர் டிரையரால் ஸ்டிக்கரை இளம் சூடாக்கி, இழுக்காமல், உள்ளிருந்து ஓரத்தை நோக்கி அழுத்தி, சூடு ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். இழுத்து ஒட்டினால் பின்னால் சுருங்கி மறுபடியும் தூக்கும். ஒரு நாளாவது தண்ணீர் படாமல் இருக்க வேண்டும். பிறகும் வாட்டர் சர்வீஸ் குழாயை ஓரத்துக்கு நேராகப் பிடிக்கக் கூடாது.

மண் ஏறிப்போன ஓரம் எதற்கும் மசியாது. அந்தப் பகுதியை மட்டும் கூர் மூலையில்லாமல் வளைவாக வெட்டிவிடுவதே நல்லது. ஒரு சொட்டு உடனடிப் பசை வைத்து அனுப்பிவிடுகிறோமே, அதைவிடக் கெடுதல் வேறில்லை. இந்த பிளாஸ்டிக்கில் அது பிடிக்காது. காய்ந்து கெட்டியாகி வெடிக்கும். அடுத்து புது ஸ்டிக்கர் ஒட்டவும் இடம் பாழாகும்.

இனி விஷயத்துக்கு வருவோம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில் கொடுக்காமல் இருப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகை, குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. ஆனால் மறுவிற்பனைக்கு வாங்கும் சில்லறை வியாபாரி அந்தச் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் அல்ல. வாடிக்கையாளரிடம் அவர் திரும்ப வாங்கியே ஆகவேண்டும். மொத்த வியாபாரியான நம்மை அவர் அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. இடையில் நசுங்குபவர் அவர்தான். சட்டம் விட்ட இடத்தை நம் மனசாட்சிதான் நிரப்ப வேண்டும்.

ஆகவே மொத்த வியாபாரிகளுக்கு மூன்று வேண்டுகோள். எந்தப் பிளாஸ்டிக்குக்கு ஏற்ற ஸ்டிக்கர் என்பதைக் கேட்டு வாங்கி, சொல்லி விற்போம். குடோனில் வெயில் படாத இடத்தில் வைத்து, முதலில் வந்ததை முதலில் அனுப்புவோம். திரும்பி வரும் சரக்கை ஒரு செட்டாவது ஒட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு பேசுவோம். சில்லறை வியாபாரிகளும் ஒரு பாட்டில் ஆல்கஹாலும் ஒரு ஹேர் டிரையரும் கடையில் வைத்து, ஒட்டிக் கொடுத்தே அனுப்பலாம். பெட்டியில் அடைத்து வீட்டுக்கு அனுப்பும் ஆன்லைன் வியாபாரத்தால் செய்ய முடியாத சேவை இது ஒன்றுதான்.

அந்த நீலகிரி வியாபாரியைத் தேடி நாங்களே மலை ஏறினோம். அவர் கடையில் பாலீஷ் தடவிய மட்கார்டுகளும் இருந்தன. ஆகத் தவறு இரு பக்கமும்தான். கட்டுக்கு உரிய பணத்தைக் கொடுத்தோம். "பாதி போதுமுங்க" என்று மீதியைத் திருப்பித் தந்தார். இப்போது மறுபடியும் சரக்கு எடுக்கிறார். ஆனால் முன்போல் முழு ஆர்டரும் எங்களுக்கே வருவதில்லை. ஒருமுறை தூக்கிய ஓரம் பழையபடி பிடிக்க நாளாகும். தூக்காமல் பார்த்துக்கொள்வதே வியாபாரம்.