எஞ்சினுக்கு ஒரு ஞாயிறு, வீட்டுக்கு ஒரு ஞாயிறு

"சின்னப்புள்ள மாதிரி ரயில் செய்றாரே, எப்படிப் பொறுத்துக்கிறே? எல்லாத்தையும் பழைய இரும்புக்காரன்கிட்டப் போடு" என்கிறார் எதிர்வீட்டு அக்கா. நான் போட மாட்டேன். அதற்காக என் கணவர் செய்வதெல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன்.

நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர், வாக்கப்பட்டது ராஜபாளையம். ஆடிப்பூரத் தேரோட்டத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பவர்களைத்தான் அப்பா எனக்கு முதலில் காட்டுவார். கைவேலையை இளப்பமாக நினைக்கிறவள் இல்லை நான்.

கணவர் மில்லில் ஃபிட்டர். மாமனார் மீட்டர் கேஜ் ரயிலில் கரி அள்ளிப்போட்ட ஃபயர்மேன். எங்கள் ஊர் வழியாகச் செங்கோட்டை போகும் பாதை 2004-ல் அகலப்பாதை ஆனது. அங்கிருந்து புனலூர் போன மலைப்பாதையும் 2010-ல் நின்று, 2018-ல் அகலப்பாதையாகத்தான் திரும்பியது. அப்பா ஓடின எஞ்சினை இனி இந்தப் பக்கம் பார்க்க முடியாது என்று இவரே செய்கிறார்.

கார் ஷெட்டுதான் பட்டறை. (கார் கிடையாது, பெயர்தான் அது. ஸ்கூட்டரும் அரிசி மூட்டையும் இருக்கும்.) 'ஒய்.பி.' என்ற நீராவி எஞ்சினை 87-ல் ஒரு பங்காகக் குறைத்து, பித்தளைத் தகட்டில் செய்கிறார். ஒரு மீட்டர் தண்டவாளம் 12 மில்லிமீட்டருக்குள், என் சுண்டுவிரல் அகலத்துக்குள் வந்துவிடுகிறது! பெரிய சக்கரம் ஆறு. இடப்பக்க முளைக்கும் வலப்பக்க முளைக்கும் கால் சுற்று வித்தியாசம் வேணுமாம். மூணு அச்சிலும் அது ஒரே மாதிரி அமையாவிட்டால் திக்கித் திக்கி நிற்குமாம். அதைச் சரிசெய்யவே மூணு ஞாயிறு போச்சு.

அதே ஷெட்டில் சுவிட்ச் பெட்டி இரண்டு ஐப்பசியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கூரைத் தகரத்தில் ஆணி ஓட்டை. மழைத்தண்ணீர் சுவரில் இறங்கும். கேட்டால், "அடுத்த வாரம் பார்ப்போம்". போன ஐப்பசியில் அரிசி எடுக்கப் போன மகளுக்குச் சுர்ரென்று ஷாக் அடித்தது. காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் பிழைத்தாள்.

நான் சத்தம் போடவில்லை. மெயினை அணைத்தேன். எஞ்சினைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். "பெட்டி மாறினா இது வெளியே வரும்." ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எலக்ட்ரீஷியனான என் தம்பி வந்து, வயரை மாற்றி, எர்த் போட்டு, கரண்ட் கசிந்தால் தானே ட்ரிப் ஆகிற சுவிட்சும் மாட்டிக்கொடுத்தான். கூரை ஓட்டையை இவர் ஒரே நாளில் அடைத்துவிட்டார். ஒரு நாள் வேலைங்க அது! அதற்குத்தான் இரண்டு வருஷம்.

அன்றிலிருந்து ஒரு ஞாயிறு வீட்டு ரிப்பேருக்கு, ஒரு ஞாயிறு எஞ்சினுக்கு. பாக்கி வேலையைக் கதவில் சாக்பீஸால் எழுதுவது நான். குழாய்க்கு வாஷர் மாற்ற நானும் கற்றுக்கொண்டேன். மகள் அரம் போடுகிறாள், மெயினை அணைத்துவிட்டுத்தான் ஹோல்டரைத் தொடுகிறாள்.

இன்னொன்றும் கேட்கிறேன், சகோதரிகளே. அவருக்குப் பட்டறை இருக்கிறது, ஞாயிறு இருக்கிறது. என் தையல் மிஷின் பத்து வருஷமாக அடுப்படி மூலையில், மிளகாய் டப்பாவுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் கிடந்தது. எனக்கு ஏது ஞாயிறு? சாவியைத் திருப்பிக் கொடுக்குமுன் அதையும் கேட்டு வாங்கினேன். இப்போது ஷெட்டில் ஜன்னல் ஓரம் என் மிஷின். எஞ்சின் ஞாயிறன்று சமையல் காலையோடு சரி, மதியம் நானும் ஷெட்டில்தான்.

எஞ்சின் இன்னும் ஓடவில்லை. புகைபோக்கி பாக்கி.

- ஓர் இல்லத்தரசி, ராஜபாளையம்.