அறிவுரை போதும், படிவம் 6 கொடுங்கள்

தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் இளைஞர்களுக்கு அறிவுரை சொல்வதற்கென்றே ஒரு கூட்டம் புறப்பட்டுவிடுகிறது. நடிகர்கள் மை பூசிய விரலைக் காட்டுகிறார்கள். கல்லூரி மாணவர்கள் பதாகையுடன் மனிதச் சங்கிலி அமைக்கிறார்கள். 2011 முதல் ஜனவரி 25ஆம் நாளை தேசிய வாக்காளர் தினமாகக் கொண்டாடி, உறுதிமொழியும் எடுக்கிறார்கள். உறுதிமொழி எடுத்த மாணவனின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

இலங்கையில் இருந்துகொண்டு அயல் மாநிலத் தேர்தலைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். எம்மவர் பலர் அங்கே வாழ்கிறார்கள் என்பது ஒரு காரணம். வாக்கு என்பது கையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை அறிந்த சமூகத்தில் இருந்து வந்தவன் நான் என்பது இன்னொரு காரணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இலங்கையில் வாக்களிக்கும் வயது 1959இலேயே 18 ஆக்கப்பட்டது. இந்தியா அதற்குப் பின் முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 61ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1989 மார்ச் 28இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜனவரியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் முடிந்துவிட்டிருந்ததால், பதினெட்டு வயதுக்காரர்கள் தமது மாநில அரசைத் தெரிவுசெய்ய 1991 வரை காத்திருக்க நேர்ந்தது.

சட்டம் 18 என்று சொன்னாலும் பட்டியலின் கணக்கு வேறாக இருந்தது. ஜனவரி 1ஆம் திகதியன்று 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதே பல ஆண்டுகளாக விதி. 2003 ஜனவரி 2இல் பிறந்த ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். 2021 ஏப்ரல் 6இல் தேர்தல் நடந்தபோது அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு நிரம்பி மூன்று மாதம் கடந்துவிட்டது. ஆயினும் வாக்கு இல்லை. அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்குள் வயது 23! 2022 ஆகஸ்ட் முதல் இது மாற்றப்பட்டு, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள் என்று நான்கு தகுதி நாட்கள் வந்தன. 17 வயது நிறைந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் வழி உண்டு. நல்ல மாற்றம்தான். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு வகுப்பறைகளில் எத்தனை ஆசிரியர்கள் இதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று எனக்கு ஐயமுண்டு.

தூத்துக்குடியைச் சேர்ந்த நண்பர் ஒருவரின் மகன் சென்னையில் பொறியியல் படிக்கிறார். வாக்களிப்பாயா என்று கேட்டேன். "அட்டை இருக்கு மாமா, ஆனா ஊருக்குப் போக முடியாது. அடுத்த நாள் தேர்வு இருக்கு" என்றார். அவர் சோம்பேறியல்லர். நாளிதழ் வாசிக்கிறவர், அரசியலைப் பற்றி என்னோடு வாதிடுகிறவர். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் விரும்பினால் விடுதி இருக்கும் தொகுதியிலேயே பதிந்துகொள்ளலாம் என்பதும், கல்வி நிறுவனத் தலைவரின் சான்று அதற்கு உதவும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கல்லூரியில் யாரும் சொன்னதுமில்லை. புதிதாகச் சேர்வதற்குப் படிவம் 6, வேறு இடத்துக்கு மாறுவதற்குப் படிவம் 8. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பு வரை வந்த விண்ணப்பங்களே அந்தத் தேர்தலுக்குக் கணக்கில் எடுக்கப்படும். பிரசாரம் சூடு பிடித்து இளைஞனுக்கு ஆர்வம் பிறக்கும் வேளையில் கதவு மூடப்பட்டிருக்கும். வேடிக்கை என்னவென்றால், நடிகர்களின் விளம்பரங்கள் வருவதும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

அட்டை கையில் இருந்தால் போதும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. உண்மை நேர்மாறானது. பட்டியலில் பெயர் இருந்தால் ஆதாரையோ ஓட்டுநர் உரிமத்தையோ காட்டி வாக்களிக்கலாம். பெயர் இல்லையேல் வாக்காளர் அட்டை வெறும் அட்டைதான். 2018இல் வெளியான 'சர்கார்' திரைப்படத்தின் புண்ணியத்தில் 49பி என்ற விதி ஊரெல்லாம் பேசப்பட்டது. தனது வாக்கை வேறொருவர் போட்டுவிட்டால் கிடைக்கும் அந்த வாக்குச்சீட்டு தனி உறையில் வைக்கப்படும் என்பதும், நீதிமன்றம் சொன்னாலொழியப் பொதுவாக எண்ணப்படாது என்பதும் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

2025இன் கடைசி மாதங்களில் தமிழ்நாட்டில் நடந்த சிறப்புத் தீவிர திருத்தத்தை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். டிசம்பர் 19இல் வெளியான வரைவுப் பட்டியலில் 97 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. 6.41 கோடி 5.43 கோடியாகச் சுருங்கியது. இறந்தவர்களை நீக்குவதை எவரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் 66 இலட்சத்துக்கும் மேற்பட்டவை, இடம் மாறியோர் என்றோ முகவரியில் காணப்படாதோர் என்றோ நீக்கப்பட்ட பெயர்கள். அலுவலர் வீட்டுக்கு வரும்போது வீட்டில் இல்லாதவர் யார்? திருப்பூரில் பனியன் நிறுவனத்திலும், ஓசூரில் தொழிற்சாலையிலும், சென்னையில் வாடகை அறையிலும் இருக்கும் இளைஞரும் யுவதியரும்தான். மீண்டும் சேர்க்க வாய்ப்பு அளிக்கப்பட்டது உண்மையே. அதைப் பயன்படுத்த, பெயர் போனது முதலில் தெரிந்திருக்க வேண்டுமே.

ஒரு வாக்கினால் என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2021இல் சென்னை மாவட்டத்தில் 60 விழுக்காட்டினர் கூட வாக்களிக்கவில்லை. மாநில அளவில் அது 70ஐத் தாண்டியிருந்தது. அதே சென்னையில் தியாகராய நகர்த் தொகுதியின் முடிவைத் தீர்மானித்த வித்தியாசம் 137 வாக்குகள். அந்தத் தொகுதியின் விடுதிகளில் சில மாடிகளை நிரப்பினால் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

கட்சிகளால் இதைச் செய்ய முடியாதா? 2016இல் பணப்பட்டுவாடா காரணமாக அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் வாக்குப்பதிவே நிறுத்தப்பட்டது. வீடு வீடாகப் பணம் கொண்டு சேர்க்கத் தெரிந்தவர்களுக்குப் படிவம் கொண்டு சேர்ப்பது கடினமான காரியமன்று. அவர்களை நம்பிப் பயனில்லை என்பதால் கல்லூரிகளிடமும் தொழிலகங்களிடமும்தான் கேட்க வேண்டியிருக்கிறது. முதலாம் ஆண்டுச் சேர்க்கை நாளிலேயே படிவம் 6ஐயும் நிரப்பி வாங்கலாம். வாக்குப்பதிவுக்கு மறுநாள் தேர்வு வைக்காதிருக்கலாம். நாட்கூலிக்காரர் உட்பட எல்லாருக்கும் அன்று சம்பளத்துடன் விடுமுறை தரவேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம்.

வாக்களிக்காமல் இருப்பதும் உரிமைதானே என்று வாதிடுவோர் உண்டு. எமக்கு அந்த வாதம் புதிதன்று. 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்கும்படி யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் கேட்டது. வடக்கில் நான்கு தொகுதிகளில் ஒருவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. அந்த ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. 2005 நவம்பர் 17 சனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏழு இலட்சம் பேர் பதிவாகியிருக்க, வாக்களித்தோர் ஒன்பதாயிரம் கூட இல்லை. வெற்றியின் வித்தியாசமோ நாடு முழுவதிலும் சுமார் 1,80,000. முதலாவது இளைஞர்கள் தாமே எடுத்த முடிவு. இரண்டாவது விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பு அழைப்பின் விளைவு. அங்கு அச்சமும் இருந்தது. எதுவாயினும் அரசியல் முடிவுகள் அவை. சரி பிழை பேசலாம். தமிழ்நாட்டில் எவரும் பிடிக்காவிட்டால் 2013 முதல் 'நோட்டா' இருக்கிறது. ஆனால் விடுதி முகவரி பதிவாகாததால் வீட்டிலிருக்கும் இளைஞன் எதையும் புறக்கணிக்கவில்லை. அவனை அலுவலகக் காகிதம் புறக்கணித்துவிட்டது.

முகாம்களில் இருக்கும் எமது பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டின் நூறுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர் வாழ்கிறார்கள். அவர்களில் இளையோர் பலர் அங்கேயே பிறந்தவர்கள். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்து, முதலமைச்சர்களின் பெயர்களை மனப்பாடம் செய்து, ஒருபோதும் வாக்களிக்காதவர்கள். 1987 ஜூலைக்கு முன்னர் முகாமில் பிறந்த பெண் ஒருவர் நீதிமன்றம் சென்று தமது குடியுரிமையை நிலைநாட்டி, 2024 மக்களவைத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். அந்தத் திகதிக்குப் பின் பிறந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை. வகுப்புத் தோழர்களுக்குப் படிவம் 6 நிரப்ப உதவக்கூடிய அளவுக்குப் படித்தவர்கள் அவர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தமக்கென்று நிரப்ப அவர்களிடம் எந்தப் படிவமும் இல்லை.