கம்பம் பள்ளத்தாக்குக் கறவை மாடுகளுக்கு வைக்கோலும் இரவு மருத்துவமும் கோரும் மனு

அனுப்புநர்: தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள், மாடு வளர்ப்போர் சங்கம், கம்பம்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், தேனி.

நகல்: மண்டல இணை இயக்குநர், கால்நடை பராமரிப்புத் துறை, தேனி.

மதிப்பிற்குரிய ஐயா,

லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. இத்தனை வயலைச் சுற்றி வைத்துக்கொண்டு வைக்கோல் இல்லை என்று மனுக் கொடுக்க வருவது எங்களுக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

கையறுப்புக் காலத்தில் களத்து வைக்கோல் படப்பில் ஏறும். வருடம் முழுக்க உருவிப் போடுவோம். இப்போது அறுவடை இயந்திரம் ஏறியதுமே சுருட்டும் இயந்திரம் இறங்குகிறது. கட்டுகள் வயலிலிருந்தே லாரியேறி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் கேரளத்துக்குப் போகின்றன. விற்கும் விவசாயியைக் குறை சொல்லவில்லை. எங்களிலேயே பலர் அப்படி விற்பவர்கள்தான். இரண்டு மாடு வைத்திருப்பவரால் ஒரு லோடு வாங்க முடியாது, பத்துக் கட்டுக்கு யாரும் வண்டி நிறுத்துவதில்லை. முதல் போக வைக்கோல் ஐப்பசி மழையில் நனைந்து பூசணம் பிடித்தால் மாட்டுக்குப் போடவே ஆகாது. நம்பக்கூடியது இரண்டாம் போகத்து வைக்கோல்தான்.

வைக்கோல் குறைந்தால் பாலில் கொழுப்பும் இறங்கும். மாட்டின் வயிற்றில் நார் புளித்து உண்டாகும் சத்திலிருந்தே பெரும்பாலும் கொழுப்பு சேர்கிறது. தவிட்டையும் புண்ணாக்கையும் கூட்டிப் போட்டு ஈடுகட்டப் பார்த்தால், புளிப்பேறி மாடு தீனியைத் தொடாது. ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பரில் 35 ரூபாயானதற்கும், 2023 டிசம்பரிலிருந்து 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்ததற்கும் நன்றி. ஆனால் கொழுப்பு குறைந்த பாலுக்கு அந்த விலை முழுதாகக் கைக்கு வராது.

ஆகவே இரண்டாம் போக அறுவடையின்போது கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூரில் மழை நனையாத வைக்கோல் கிடங்கு அமைத்து, பால் சங்க உறுப்பினர்களுக்குக் கட்டுக் கணக்கில் வழங்க வேண்டுகிறோம். கேரளத்துக்குப் போவதைத் தடுக்கச் சொல்லவில்லை. அங்கே இருப்பதும் வாயில்லாச் சீவன்கள்தான். பசுந்தீவனத்துக்குக் கோ-5 கம்பு நேப்பியர் கரணைகள் தர வேண்டும். திராட்சைத் தோட்டத்து வரப்புப் புல்லை அறுத்துப் போடுவது எங்கள் வழக்கம். அந்தப் புல்லில் மருந்து பட்டிருப்பது தெரிய, மருந்தடித்த தோட்டத்தில் சிவப்புத் துணி கட்டும்படி தோட்டக்கலைத் துறை அறிவுறுத்தினால் போதும், செலவில்லாத காரியம்.

கன்று போட்ட மாடு சுண்ணாம்புச் சத்து இறங்கிப் படுத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் கால்சியம் ஏற்றியாக வேண்டும். அது அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை. 1962 என்ற எண்ணில் அழைக்கும் கால்நடை மருத்துவ ஊர்தி இரவிலும் பள்ளத்தாக்குக்குக் கிடைக்க வேண்டும். தேனியில் 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பயிற்சி மருத்துவர்களை இரவுப் பணிக்குக் கம்பத்துக்கு அனுப்பலாம். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதக் கெடு தவறாமல், மழைக்கு முன்பே போடப்பட வேண்டும்.

மலைமாடு வைத்திருப்போரும் எங்களோடு உள்ளனர். 2022இல் வந்த உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் புலிகள் காப்பகத்துக்குள் மேய்ச்சல் இல்லை. காப்பகத்துக்கு வெளியேயுள்ள காடுகளில் 2006 வன உரிமைச் சட்டப்படி அவர்களது மேய்ச்சல் உரிமையைப் பரிசீலிக்கக் கோருகிறோம்.

இரண்டாம் போக அறுவடை தொடங்கும் முன் கால்நடை, வேளாண், கூட்டுறவுத் துறையினரை எங்களோடு ஒரே கூட்டத்தில் அமர்த்தித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள், உறுப்பினர்கள்.