உழைப்பின் மதிப்பும் பட்டத்தின் வேலியும்

எளிய குடியில் பிறந்தவரும் கல்வியால் உயரலாம். உழைப்பவர் எவரும் தலைநிமிர்ந்து வாழலாம். அமெரிக்கக் குடியரசு தன் மக்களுக்கு அளித்த வாக்குறுதிகளுள் தலையாயது இது. இன்றோ அந்நாட்டில் கல்வியின் தரம் பெற்றோரின் செல்வத்தைச் சார்ந்து நிற்கிறது. உழைப்பவரின் மதிப்பு அவர் பெற்ற பட்டத்தைச் சார்ந்து நிற்கிறது. இவ்விரண்டும் ஒன்றுசேரும் இடத்தில் பிறப்பே மனிதரின் நிலையை வகுத்துவிடுகிறது. பிறப்பால் வரும் உயர்வு தாழ்வை ஏற்பதில்லை என்று அறிவித்து எழுந்த நாட்டுக்கு இதனினும் பெரிய இழுக்கு வேறில்லை.

அவ்வாக்குறுதியை மெய்ப்பிக்க அந்நாடு முயன்ற காலங்களும் உண்டு. உள்நாட்டுப் போர் மூண்டெரிந்த 1862ஆம் ஆண்டிலேயே, உழவும் கைத்தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நிலம் வழங்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் லிங்கன் ஒப்பமிட்டார். 1847இல் தொடங்கப்பெற்ற நியூயார்க் நகரக் கல்லூரி, தொழிலாளர் மக்களுக்கும் குடியேறியோர் மக்களுக்கும் கட்டணமின்றிக் கல்வி அளித்தது. நகரம் நிதி நெருக்கடியில் ஆழ்ந்த பின், 1976இல்தான் அந்த அறம் முடிவுற்றது. 1944ஆம் ஆண்டின் படைவீரர் நலச் சட்டத்தால், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுள் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் கல்லூரி புகுந்தனர். ஆயினும் தென்மாநிலங்களின் கறுப்பின வீரர்களுக்கு அச்சட்டத்தின் பயன் பெரிதும் எட்டவில்லை. ஒரே போரில் நின்று போரிட்டவர்களுக்கு ஒரே கதவு திறக்கவில்லை.

தொடக்கப் பள்ளியிலேயே வேறுபாடு தொடங்கிவிடுகிறது. டெக்சஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட் பள்ளி மாவட்டம் ஏழை மெக்சிக அமெரிக்கர் வாழ்ந்த பகுதி. அலமோ ஹைட்ஸ் செல்வர் வாழ்ந்த பகுதி. எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி செலுத்தினர். அலமோ ஹைட்ஸ் மக்கள் செலுத்தியது 85 சென்ட்டே. எனினும் 1967–68 கல்வியாண்டில் உள்ளூர் வரியிலிருந்து மாணவர் ஒருவருக்குக் கிடைத்த தொகை எட்ஜ்வுட்டில் 26 டாலர், அலமோ ஹைட்ஸில் 333 டாலர். மிகுதியாக வரி செலுத்தியவரின் பிள்ளைகள் குறைவாகப் பெற்றனர். அவர்தம் வீடுகளின் மதிப்பு குறைவு என்பதே காரணம்.

இவ்வநீதியை எதிர்த்து டெமெட்ரியோ ராட்ரிகெஸ் என்னும் தகடுவேலைத் தொழிலாளியும் பிற பெற்றோரும் வழக்குத் தொடுத்தனர். 1973இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி, கூட்டரசின் அரசமைப்பு காக்கும் அடிப்படை உரிமையன்று எனப் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். நீதிபதி தர்குட் மார்ஷல் அதனை வன்மையாக மறுத்தெழுதினார். அத்தீர்ப்பு இன்றும் நிற்கிறது. பள்ளிச் செலவில் கணிசமான பங்கு இன்றும் உள்ளூர்ச் சொத்து வரியை நம்பியிருக்கிறது.

இத்தடையைத் தாண்டிக் கல்லூரி வாயிலை அடைவோரும் அங்கே நேர்மையான போட்டியைக் காண்பதில்லை. பொருளியலறிஞர் ராஜ் செட்டியும் அவர்தம் குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட 38 கல்லூரிகளில் வருமான வரிசையின் உச்சியிலுள்ள ஒரு விழுக்காட்டுக் குடும்பங்களிலிருந்து வந்த மாணவர், கீழுள்ள 60 விழுக்காட்டுக் குடும்பங்களிலிருந்து வந்தவரைவிட மிகுதி. முன்னாள் மாணவரின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரும் வழக்கத்தைப் புகழ்மிக்க கல்லூரிகள் பல இன்னும் கைவிடவில்லை. மறுபுறம், நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் கூட்டரசின் கல்விக்கடனைச் சுமக்கின்றனர். அதன் மொத்தம் ஒன்றரை இலட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

வேலை தேடுவோர் முன்னும் பட்டம் தடையாக நிற்கிறது. மருத்துவருக்கும் பொறியாளருக்கும் தேர்ந்த கல்வி வேண்டும். அதனை மறுப்பார் இலர். பணிக்குத் தேவையற்ற இடத்திலும் பட்டம் கேட்கப்படுவதே கேடு. வட கரோலினாவின் மின்நிலையம் ஒன்றில் கறுப்பினத் தொழிலாளர் கூலிப் பிரிவில் மட்டுமே அமர்த்தப்பட்டனர். குடிசார் உரிமைகள் சட்டம் அப்பாகுபாட்டைத் தடை செய்தபோது, பள்ளியிறுதிச் சான்றிதழும் தேர்வுகளும் அவர்தம் வழியை மறித்தன. முன்னரே சேர்ந்திருந்த வெள்ளையரோ அச்சான்றிதழ் இன்றியே அப்பணிகளைச் செவ்வனே செய்துவந்தனர். பணிக்குத் தொடர்பற்ற தகுதியை விதித்துச் சமவாய்ப்பை மறுத்தல் சட்டத்துக்குப் புறம்பு என 1971இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் உட்கருத்தை வேலையளிப்போர் பின்னர் நெஞ்சில் நிறுத்தவில்லை. அந்நாட்டில் 25 வயதைக் கடந்தோருள் பத்தில் அறுவர் நான்காண்டுப் பட்டம் பெறாதவர். அப்பெரும்பான்மையருக்கு எதிராகவே பட்டம் என்னும் இவ்வேலி நிற்கிறது.

இதன் விலை உயிர். ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் என்னும் பொருளியலறிஞர் இருவர் 2015 முதல் வெளியிட்டுவரும் ஆய்வுகள், போதை மருந்தாலும் குடிநோயாலும் தற்கொலையாலும் நேரும் சாவுகள் பட்டம் பெறாதாரிடையே பெருகியதைக் காட்டுகின்றன. கூட்டரசின் குறைந்தபட்சக் கூலியோ மணிக்கு 7.25 டாலராக 2009இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஊதியமும் மதிப்பும் ஒருங்கே பறிக்கப்பட்ட வாழ்வில் நம்பிக்கை எங்ஙனம் தங்கும்?

உழைப்பின் மாண்பை அந்நாட்டுக்கு உணர்த்திய நிகழ்வும் அந்நாட்டிலேயே உண்டு. 1968 பிப்ரவரியில் மெம்பிஸ் நகரில் மழைக்கு ஒதுங்கிய துப்புரவுத் தொழிலாளர் இருவரைக் குப்பை வண்டியின் இயந்திரம் நசுக்கிக் கொன்றது. ஏறத்தாழ 1,300 தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். தாமும் மனிதரே என்று எழுதிய அட்டைகளை ஏந்தித் தெருவில் நடந்தனர். குப்பை அள்ளுபவர் தம் பணியை நிறுத்தினால் நோய் பரவும். ஆதலின் அவரும் மருத்துவருக்கு நிகரானவரே என்று மார்ட்டின் லூதர் கிங் அவர்களிடையே முழங்கினார். அப்போராட்டத்துக்குத் துணைநிற்க வந்த இடத்திலேயே ஏப்ரல் 4 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நகராட்சி அதன் பின்னரே தொழிற்சங்கத்தை ஏற்றது.

செய்யத்தக்கவை தெளிவானவை. டெக்சஸ் மாநில உச்ச நீதிமன்றமே 1989இல் அம்மாநிலத்தின் பள்ளி நிதிமுறை மாநில அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. ஏனைய மாநிலங்களும் பிள்ளையின் கல்வியை வீட்டின் விலையிலிருந்து விடுவிக்க வேண்டும். மேரிலாந்து 2022இலும் பென்சில்வேனியா 2023இலும் தம் அரசுப் பணிகள் பலவற்றுக்குப் பட்டத் தேவையை நீக்கின. தனியார் நிறுவனங்களும் இவ்வழியில் வருதல் வேண்டும். கென்டக்கியின் பெரியா கல்லூரி மாணவரிடம் கல்விக் கட்டணம் பெறுவதில்லை. மாணவர் ஒவ்வொருவரும் படிப்புடன் உழைக்கவும் செய்கின்றனர். பெருஞ்செல்வம் குவித்த பல்கலைக்கழகங்கள் அதனைக் கண்டேனும் பிறப்பின்வழி முன்னுரிமையை ஒழிக்கட்டும். கூட்டரசு, குறைந்தபட்சக் கூலியை மனிதர் வாழத்தக்க அளவுக்கு உயர்த்தட்டும்.

நம் மண்ணிலிருந்து செல்லும் மாணவர் பலரும் பல்கலைக்கழக வாயில் வழியாகவே அமெரிக்காவைக் காண்கின்றனர். அவ்வாயிலுக்கு வெளியே உள்ள பெரும்பான்மையரின் வாழ்வே அக்குடியரசின் உண்மை அளவுகோல். உயர விரும்புவோர்க்கு வழி திறத்தல் அரசின் பாதிக் கடமை. உழவரும் ஓட்டுநரும் செவிலியரும் துப்புரவாளரும் தாம் நிற்கும் இடத்திலேயே மதிப்போடும் போதிய ஊதியத்தோடும் வாழச் செய்தல் மறுபாதி. இரண்டையும் நிறைவேற்றும் நாளில்தான் அந்நாடு தன் மக்களுக்குக் கொடுத்த சொல்லைக் காத்ததாகும்.